அழுகண்ணியின் வெண்ரோமம்

விளக்கை அணைத்துவிட்டார்கள். நல்லது. இருட்டில் என் முகத்தை யாரும் படிக்க முடியாது, நான் மட்டும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம், எனக்கு ஒழுங்காகத் தெரிந்த ஒரே வேலை அதுதான். திரையில் அழுகண்ணி இலை ஆள் உயரத்துக்கு நிற்கிறது. நிஜத்தில் செடி முழுவதுமே ஒரு ரூபாய்க் காசு அகலம், குளத்தடி ஈரமணலில் தரையோடு தரையாகச் சிவப்புப் பொட்டுபோல ஒட்டிக்கிடக்கும், தெரியாதவர்கள் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள். இலையெல்லாம் சிவந்த காம்புகள், ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. வெயிலில் பனித்துளியாக மின்னும், தேன் என்று நம்பி வந்து உட்காரும் கொசு அப்புறம் எழுந்திருக்காது. இதுவரை சரி. ஆனால் அமலதாஸ் சார் கையிலிருக்கும் லேசர் விளக்கின் பச்சைப் புள்ளி அந்தக் காம்புகளைத் தொடவே இல்லை. காம்புகளுக்கு நடுவில் சுருண்டு கிடக்கும் வெள்ளை இழைகளையே சுற்றிச் சுற்றி வருகிறது. உலகத்தில் எந்த அழுகண்ணியிலும் இதுவரை யாரும் பார்த்திராத வெண்ரோமம் என்கிறார். அடர்த்தியாக, சுருள் சுருளாக, அதிலும் சிலவற்றுக்கு நுனி கறுப்பு என்கிறார். நுனி கறுப்பு என்னும்போது குரல் தழுதழுக்கிறது, நிஜமாகவே தழுதழுக்கிறது, முப்பது வருஷமாகச் செடி பொறுக்கிய மனிதர், ஒரு புதுச் செடிக்காவது பெயர் வைத்துவிட வேண்டுமென்று காத்திருந்தவர். அவர்தான் என் கைடு. அவர் இன்று இந்தப் புது ரகத்துக்கு வைக்கப்போகும் பெயர் என்னுடையது. அது ரோமம் இல்லை என்று எனக்குத் தெரியும். அது செய்தித்தாளின் நார். நுனியில் இருக்கும் கறுப்பு, அச்சு மை.

அச்சு மை, அச்சு மை, என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். வாய்விட்டுச் சொன்னால் எப்படி இருக்கும். எங்கள் தாவரவியல் துறையில் எந்தச் செடியைக் கொண்டுவந்தாலும் பழைய தினத்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே அட்டையும் பலகையும் போட்டு, வார் இழுத்துக் கட்டி அழுத்துவதுதான் வழக்கம். தாள் ஈரத்தைக் குடிக்கும், மறுநாள் வேறு தாள் மாற்றுவோம். மாற்றும்போது பழைய செய்திகளைப் படித்துக்கொண்டே மாற்றுவோம், யாரோ வென்ற தேர்தல், யாரோ கட்டிய பாலம். ஆவாரைக்கும் துத்திக்கும் அது போதும். அழுகண்ணிக்குப் போதாது. அது பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் சாவதில்லை, பசை அப்படியே இருக்கிறது, மேலே வந்து படுக்கும் தாளை அது தாள் என்று எப்படி அறியும், தொட்டதைப் பிடிப்பதுதானே அதற்குத் தெரியும், பிடித்துவிட்டது. மாவட்டச் செய்திகளின் ஒரு பக்கம் முழுவதையும் பூச்சி என்று நினைத்துப் பிடித்துவிட்டது. அன்றைக்கே நான் கேட்டேன், பசை ஒட்டாத பட்டர் பேப்பர் வைக்கலாமா சார் என்று. எனக்கே பாதி கேட்காத குரலில் கேட்டேன். "பட்டர் பேப்பர்ல மைசூர்பாகுதாம்மா வைப்பாங்க" என்றார் சார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன். வேடிக்கையாக இருந்ததால்தான் சிரித்தேன், அவர் நன்றாக வேடிக்கை பேசுவார். காய்ந்த பிறகு நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு இடுக்கியால் தாளை உரித்தவர் அவரேதான். தாள் போயிற்று, நார் நின்றுவிட்டது. அப்புறம் ஒருநாள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "பிரகதா, இங்க வா, ஓடி வா" என்று கூப்பிட்டாரே, திருவிழாவில் ராட்டினம் பார்த்த பிள்ளைபோல. அந்தக் குரலை மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு கஷ்டமில்லை.

கெட்டவராக இருந்திருக்கலாம். மற்ற துறைகளில் ஸ்காலர்களை வங்கிக்கு அனுப்புகிற கைடுகள் இருக்கிறார்கள், வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி விசாரிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதைவிட மோசமானவர்களும் இருக்கிறார்கள். இவர் அப்படியில்லை. களப்பணிக்குப் போய்த் திரும்பினால் நாங்கள் பஸ் ஏறும்வரை வெயிலில் நிற்பார். மனைவி சுட்ட முறுக்கை டப்பாவில் கொண்டுவந்து, "தின்னுங்கம்மா, வெறும் வயித்துல டாக்சானமி வராது" என்பார். அந்த முறுக்குத்தான் என் தொண்டையில் நிற்கிறது. அவரிடம் சொல்லத்தான் செய்தேன், சொல்லாமல் இல்லை. அந்த இழையில் கொஞ்சம் எடுத்து, மரநாரைச் சிவப்பாக்குகிற சாயத்தை விட்டேன், இளங்கலைப் பிள்ளைகள் தண்டை வெட்டிச் செய்கிற அதே பரிசோதனை. சிவந்தது. ரோமமாக இருந்தால் சிவக்காது, காகிதம் மரக்கூழ், அதனால் சிவக்கும். அவர் அறைக்குப் போய், சார், அது செவக்குது, என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில். "சாயம் பழசா இருக்கும்மா" என்றார். குவளையில் நான் வளர்க்கிற உயிருள்ள செடிகளில் ஒன்றில்கூட ரோமம் இல்லை சார், என்றேன். "குவளையில வளர்த்தா சிங்கத்துக்கே பிடரி கொட்டிரும்" என்றார். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. வெளியே வந்து, வராந்தாவில், உலர்ந்த செடிகளை அடுக்கிவைத்திருக்கும் ஹெர்பேரியத்தின் நாப்தலின் வாடையில், சுவரைப் பார்த்து அந்தப் பதிலைச் சொன்னேன். சுவர் ஒத்துக்கொண்டது.

பக்கத்தில் நஸ்ரின் என் முழங்கையை இடிக்கிறாள். நஸ்ரினுக்கு மட்டும் எல்லாம் தெரியும், சாயம் சிவந்தபோது கூட இருந்து பார்த்தவள். "என்னடி இவரு, ரோமம் ரோமம்னு, சலூன் கடையில உக்காந்திருக்க மாதிரியே இருக்கு" என்று காதில் சொல்கிறாள். சிரிப்பு வருகிறது, வரக்கூடாத நேரத்தில், துப்பட்டாவைக் கடித்துக்கொள்கிறேன். "பேசாம இரு. பிஎச்.டி. வைவா முடியட்டும். டாக்டர் பிரகதாம்பாள்னு போர்டு மாட்டிட்டு அப்புறம் இவரோட சண்டை போடு. உன் பேருல ஒரு செடியே வருது. எம்பேருல ஒரு சிம் கார்டுகூட இல்ல." அவள் சொல்வது நியாயம். எல்லாரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். சார் இன்று கட்டுரையைத் துறைக்கு முன்னால் படிக்கிறார், யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் திங்கட்கிழமை பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார். அச்சேறிவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. தாவரப் பெயர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது, முறையாக அச்சேறிய பெயரை, தப்பு என்று தெரிந்த பிறகும், அழிக்கமாட்டார்கள். சரியான பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் அது தொங்கிக்கொண்டே இருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரர் எப்போதோ குழம்பி வைத்த பெயர்கள் அப்படி எத்தனையோ தொங்குகின்றன, நாங்களே படித்துச் சிரித்திருக்கிறோம். என்னையும் படிப்பார்கள். நான் செத்த பிறகும் எங்கோ ஒரு நாட்டில் கண்ணாடி போட்ட ஒரு பெண் படித்துவிட்டுப் பக்கத்திலிருப்பவளிடம், இதைக் கேட்டியா, செய்தித்தாளை ரோமம் என்று நினைத்துவிட்டார்களாம், என்பாள். அவள் சிரிப்பது எனக்கு இப்போதே கேட்கிறது. எந்தச் செய்தியோ அது. மையைப் பார்த்தேனே தவிர எழுத்து எதுவென்று தெரியவில்லை. தங்கம் விலையா, கண்ணீர் அஞ்சலியா, வரன் தேவையா. அதன்மேல் என் பெயர்.

கடைசி வரிசையில் அப்பா இருக்கிறார். திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது, அந்தத் தொண்டைக் கனைப்பு அப்பாவுடையதுதான், பெரிய இடங்களில் அப்பாவுக்கு அப்படி வரும். சார்தான் போன் பண்ணி வரச்சொல்லியிருக்கிறார், எனக்கே காலையில்தான் தெரியும். "உம் பேரையே வெச்சுட்டேம்மா, அப்பாவையும் வரச்சொல்லிட்டேன், நீ வாயத் தொறக்கவே மாட்டே, செடியாவது உன்னப் பத்திப் பேசட்டும்" என்றார் படியில் வைத்து. அன்போடு. அன்போடுதான் சொன்னார். அப்பாவுக்கு பேட்டரிக் கடை, ஸ்கூட்டர் பேட்டரி, ஆட்டோ பேட்டரி, சார்ஜ் போடுவதும் ஆசிட் ஊற்றுவதும். அவருடைய சட்டை எல்லாவற்றிலும் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருக்கும், இன்றைக்கு ஓட்டையில்லாத ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வாசலில் என்னைப் பார்த்ததும், "ஏம்மா, இந்தச் செடிய நம்ம வீட்டு வாசல்ல வெக்கலாமா" என்று கேட்டார். அது சேறு இல்லாம வளராதுப்பா, என்றேன். "பூச்சியத் திங்குமாமே, உன் பேர வெச்சது சரிதான், நீயும் சின்னப் பிள்ளையில எறும்பத் தின்னவதான்" என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்றிருந்த யாரோ ஒரு பேராசிரியரைப் பார்த்துத் தானாகக் கும்பிட்டார். அவரிடம் சொல்லியிருக்கலாம். அப்பா, அது தப்பு, என்று ரெண்டு வார்த்தை. பஸ்ஸில் வந்த அலுப்பிலும் அந்த முகம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கூப்பிடும்போது உள்ளேன் அம்மா என்று நான் சொல்வது டீச்சருக்குக் கேட்காது, வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆவேன். அப்பா வந்து சண்டை போட்டார், எம் பொண்ணு ஒருநாள்கூட லீவு போடலையே என்று. டீச்சர் சொன்னாள், "வந்தா வந்தேன்னு சொல்லச் சொல்லுங்க." அப்பா என்னை நேரே கடைக்குக் கூட்டிப்போனார். அப்புறம் கடைக்குள் உட்காரவைத்து, இன்வெர்ட்டர் இரைச்சலுக்கு மேலே கேட்கிற மாதிரி உள்ளேன் அம்மா சொல்லு என்றார். எனக்கு அழுகை வந்தது. அதிலிருந்து வீட்டில் அழுமூஞ்சி என்றே பெயர்.

அழுகண்ணி என்று இதற்கு யார் பெயர் வைத்தார்களோ. எனக்கு அந்தப் பெயரே பிடிக்கவில்லை. மின்னினால் கண்ணீர் என்று ஏன் நினைக்க வேண்டும். அது அழவில்லை, பசித்திருக்கிறது. அது வளரும் மண்ணில் ஒன்றுமே இல்லை, வெறும் மணல், மழை பெய்து பெய்து சத்தெல்லாம் ஓடிப்போன மணல். வேறு செடியாக இருந்தால் வெளுத்துப்போய்ச் செத்திருக்கும். இது சாகமாட்டேன் என்று இருக்கிற இடத்திலேயே கிடந்து, பறந்து போகிறதைப் பிடித்துச் சாப்பிடுகிறது. பூச்சிக்காகப் பாவப்படுகிறவர்கள் படட்டும். நான் குளத்தடியில் குப்புறப் படுத்துக் கிடந்து பார்த்திருக்கிறேன், சுரிதாரெல்லாம் சேறு, ஆடு மேய்க்க வந்தவர்கள் இந்தப் பொண்ணுக்கு என்ன வலிப்பா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சின்னக் கொசு வந்து உட்கார்ந்தால் சுற்றியிருக்கும் காம்புகள் குனிகின்றன, ஆள்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல, இந்த வகையில் அது வெகு சீக்கிரம் நடக்கும், மூச்சை இழுத்து விடுவதற்குள். கொசுவுக்கு அது முடிவு. ஆனால் கொஞ்சம் பெரிய ஈ வந்தால் கதை வேறு. அதுவும் ஒட்டும், இழுக்கும், இறக்கை அடிக்கும், இன்னும் ஒட்டும், பிறகு ஒரு வெறி வந்ததுபோல் உதறிக்கொண்டு பறந்துவிடும். இலையில் ஒரு கால் மட்டும் நிற்கும். மிச்சமுள்ள கால்களோடு அந்த ஈ எங்கே போய் உட்காரும், எப்படி உட்காரும் என்று நான் யோசித்துக்கொண்டே கிடந்தேன். இப்போது மட்டும் ஏன் இதை நினைக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா. எந்தக் கால். வைவா ஒரு கால். சாரின் கையெழுத்து ஒரு கால். முறுக்கு டப்பா, பஸ் வரும்வரை வெயிலில் நிற்கிற அந்த மனிதர். அப்பாவின் துடைத்து வைத்த முகம். எதை விட்டுவிட்டுப் பறப்பது. சீ, இந்த உவமையே வேண்டாம். நான் ஈயும் இல்லை கொசுவும் இல்லை. சார் செடியும் இல்லை. செடிக்குத் தான் என்ன பிடித்திருக்கிறோம் என்று தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பசையைக் குற்றம் சொல்ல முடியாது.

பச்சைப் புள்ளி நின்றுவிட்டது. "அண்ட் நவ், தி நேம்" என்கிறார் சார். திரை மாறுகிறது. செடியின் லத்தீன் பெயர், அதன் பின்னால் ரகத்தின் பெயர், பிரகதாயே. பெண் பெயரோடு ஒரு ஏகாரம் சேர்த்தால் லத்தீன் ஆகிவிடும். திருக்கோகர்ணம் கோயிலில் பிரகதாம்பாளை யாரோ உரக்கக் கூப்பிடுவதுபோல இருக்கிறது. எழுத்துக்களுக்குப் பக்கத்தில் என் போட்டோ, அடையாள அட்டையிலிருந்து எடுத்தது, பேந்தப் பேந்த விழிக்கும் போட்டோ. விளக்கைப் போட்டுவிட்டார்கள். கைதட்டல். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துத் தட்டுகிறார்கள், துறைத் தலைவர் உமையாள் மேடம்கூட முன்வரிசையிலிருந்து மோதிரக் கையால் தட்டுகிறார், கடைசி வரிசையில் ஒரு கைதட்டல் மட்டும் தனியாக, மற்றவர்கள் நிறுத்திய பிறகும், கனமாக, பழகாத தாளத்தில் கேட்கிறது. எனி கொஸ்டின்ஸ் என்கிறார் மேடம். எல்லாரும் வாசல் பக்கம் பார்க்கிறார்கள், டீயும் பஜ்ஜியும் வெளியே வந்துவிட்டன, வாசனை வருகிறது. எழுந்திரு. எழுந்திருக்கமாட்டாய், உனக்குத் தெரியும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், தனியாகச் சொல்லலாம், மெயிலில் எழுதலாம், திங்கட்கிழமைக்கு முன்னால் இன்னும் ரெண்டு நாள் இருக்கிறது, சுவரிடம் சொல்லலாம். எழுந்திரு. நஸ்ரின் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுக்கிறாள். துணி கிழிகிற சத்தம் கேட்கிறது, கிழியட்டும். நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

"பாத்தீங்களா, நன்றி சொல்லப்போறா" என்கிறார் சார் சபையைப் பார்த்து. "இன்னைக்குத்தான் எம் மாணவி குரலை நீங்க கேக்கப்போறீங்க." மறுபடி கைதட்டல், இந்தமுறை சிரிப்போடு. அது ஓயும்வரை நிற்கிறேன். இங்கிலீஷில் யோசித்து வைத்திருந்தேன், நல்ல வாக்கியங்கள், வித் டியூ ரெஸ்பெக்ட் என்று ஆரம்பிக்கும். ஒன்றுகூட இப்போது இல்லை, எல்லாம் ஓடிவிட்டன. தமிழில்தான் வருகிறது, வரட்டும், கடைசி வரிசைக்கும் புரியட்டும். "அது செடியோட ரோமம் இல்ல சார். பேப்பர் நாரு." என் குரலா அது, கொஞ்சம் கரகரப்பாக, தடித்து, அப்பா கடையில் பேசுகிற மாதிரி இருக்கிறது. "நியூஸ் பேப்பர்ல வெச்சு அழுத்துனதுல பசை பிடிச்சிருச்சு. கறுப்பு நுனி வெறும் மை. புது ரகம் எதுவும் இல்ல. எம் பேரை எடுத்துடுங்க." யாரோ சிரித்துப் பாதியில் நிறுத்துகிறார்கள். சாரின் முகம், ஐயோ அந்த முகம், பார்க்காதே, இல்லை, பார், செய்ததைப் பார்க்காமல் இருக்க உனக்கு உரிமை இல்லை. வெளுத்துவிட்டது. பிறகு கழுத்திலிருந்து சிவந்துகொண்டு வருகிறது. "உட்காரும்மா. அப்புறம் ரூம்ல பேசிக்கலாம்." மெதுவாகத்தான் சொல்கிறார். இல்ல சார், இங்கயே பேசலாம், என்கிறேன். "உட்காருன்னு சொல்றேன்ல." இதுவரை அவர் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. சரி. போயிற்று ஒன்று. வலிக்கிறது. வலிக்கும் என்று தெரிந்துதானே எழுந்தேன். உமையாள் மேடம், "எவிடென்ஸ் இருக்கா பிரகதா" என்கிறார், கேள்வியா மிரட்டலா தெரியவில்லை.

ஓரத்து மேசையில் மைக்ரோஸ்கோப் இருக்கிறது, டீ குடிக்கும்போது எல்லாரும் பார்த்து வியப்பதற்காகச் சாரே அந்த இலைத் துண்டை அதில் வைத்திருக்கிறார். வரிசையை விட்டு வெளியே வருகிறேன், முழங்கால்களில் இடித்துக்கொண்டு, சாரி சாரி என்று சொல்லாமல். செருப்புச் சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்குமா. குனிகிறேன். குறைந்த லென்ஸில் பார்த்தால் யாருக்கும் ரோமம் என்றுதான் தோன்றும், எனக்கே முதல்நாள் தோன்றியது, சார்மேல் கோபப்பட அதனால்தான் முடியவில்லை. பெரிய லென்ஸைத் திருப்புகிறேன். கலங்கல், கலங்கல், பிறகு தெளிகிறது. ஒரே ஒரு இழை, நாடாபோலத் தட்டையாக, முறுக்கிக்கொண்டு. ரோமமானால் அடி இலைக்குள்ளிருந்து கிளம்ப வேண்டும். இதற்கு அடியே இல்லை, இரண்டு பக்கமும் பிய்ந்து, இலையின் மேல் சும்மா கிடக்கிறது. "சார், நீங்க வந்து பாருங்க" என்கிறேன். அவர் மேடையிலேயே நிற்கிறார். ஸ்டூலை அவர் பக்கமாக நகர்த்தி வைக்கிறேன். வரவில்லை. யாரும் வரவில்லை. மின்விசிறி சுற்றுகிறது, பஜ்ஜி ஆறுகிறது, எல்லாக் கண்களும் என்மேல், இத்தனை கண்களுக்கும் பயந்துதான் இத்தனை வருஷம். இவ்வளவுதானா. நின்றால் நின்றுவிட முடிகிறது. இவர்களில் ஒருவராவது வந்து குனிந்து பார்க்கும்வரை இந்த மேசையை விட்டு நான் போகப்போவதில்லை, சாப்பாட்டு நேரம் ஆனாலும், பூட்ட வாட்ச்மேன் வந்தாலும். "யார் வேணா வரலாம்" என்கிறேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக. எங்கோ ஒரு நாற்காலி பின்னால் நகர்கிறது. யாரென்று நான் திரும்பவில்லை. வருகிறவருக்கு முதல் பார்வையிலேயே தெரிய வேண்டுமே என்று குனிந்து, ஃபோகஸ் குமிழை இன்னும் ஒரு மயிரிழை திருப்பி, அந்தக் கறுப்பு நுனியைக் கூர்மையாக்குகிறேன்.